கெளுத்தி மீனின் வயிற்றுக்குள்ளே

"பாத்ரூம் போயிட்டு உடனே வந்துடணும். இந்த மீனுக்குள்ள எல்லாம் நான் வரமாட்டேன்" என்று கர்டிஸ் வேனின் எஞ்சினை அணைக்காமலே சொன்னான்.

நெப்ராஸ்காவின் மக்காச்சோள வயல்களுக்கு நடுவே, நெடுஞ்சாலை ஓரமாக, நாலு பஸ் நீளத்துக்கு ஒரு சிமெண்ட் கெளுத்தி மீன் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. வாய் வழியாக நுழைந்தால் வால் வழியாக வெளியே வரலாம்.

"இந்த மாதிரி கிறுக்கு இடங்களைப் பாக்கத்தானே கிளம்பினோம்?" என்றாள் அவன் மனைவி பெத்.

"நீ கிளம்பின. நான் வண்டி ஓட்டறேன். காலைல பூட்ஸ் மாதிரி கட்டின வீட்டைப் பாத்தாச்சு. போதும்."

மகள் டெஸ்ஸாவின் முகம் தொங்கிப் போயிற்று. பெத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற பிக்கப் வண்டியிலிருந்து கூச்சல் கேட்டது.

"சிமெண்டு மீனுக்குள்ள நுழைய எனக்கென்ன பைத்தியமா? வேணும்னா நீ போ, அர்லீன். நான் வண்டியிலயே இருக்கேன்!" தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்.

"தேனிலவுக்குப் போனப்பவே நீ வண்டியை விட்டு இறங்கல, ஹார்லன்! அருவியை நான் மட்டும் தனியா நின்னு பாத்தேன். என் சவப்பெட்டியைத் தூக்கறதுக்காவது இறங்குவியா, இல்ல ஹாரன் அடிச்சுட்டுப் போயிடுவியா?"

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன்னந்தனியாக மீனின் வாய்க்குள் நடந்து போனாள்.

"அப்பா, அந்தத் தாத்தா உன்னை மாதிரியே பேசறார்" என்றாள் டெஸ்ஸா.

கர்டிஸுக்குச் சுருக்கென்றது. எஞ்சினை அணைத்தான்.

"இறங்குங்க ரெண்டு பேரும்."

மீனின் வாயருகே டிக்கெட் கூண்டில் உட்கார்ந்திருந்த இளம்பெண் பபிள்கம் மென்றபடியே டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள்.

மீனின் வயிறு குளுகுளுவென்று இருந்தது. தரையில் 'ஈரல்' என்று எழுதியிருந்த பலகையை மிதித்தால், மீன் பெரிதாக ஏப்பம் விட்டது. டெஸ்ஸா மிதித்தாள். பெத் மிதித்தாள். கர்டிஸ் ஓடிவந்து இரண்டு காலாலும் குதித்தான். வந்த ஏப்பத்தில் சுவரே அதிர்ந்தது. மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெத் அவன் கையைக் கோத்துக்கொண்டாள். எத்தனையோ நாளாயிற்று அவள் அப்படிச் செய்து. வால் வழியாக வெளியே வந்ததும் கர்டிஸே போய் இன்னொரு முறை டிக்கெட் வாங்கினான்.

கிளம்பும்போது பிக்கப் அருகே போய் நின்றான்.

"பெரியவரே, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் நானும் உங்களை மாதிரிதான் இருந்தேன். ஒரே ஒரு தடவை அவங்களோட உள்ள போய்ப் பாருங்க. வீடே மாறிடும்."

பெரியவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார். "கண்ணைத் திறந்துட்டீங்க, தம்பி" என்றார் கரகரத்த குரலில். கர்டிஸுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும், "ஐயோ, என் செருப்பு ஒண்ணு மீன் வயித்துலயே போச்சு!" என்றாள் டெஸ்ஸா. கர்டிஸ் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வண்டியைத் திருப்பினான்.

மீனின் துடுப்பு நிழலில் அந்தக் கிழத் தம்பதி ஒரே சாண்ட்விச்சைப் பிய்த்துப் பகிர்ந்து தின்றபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா பெத்? ரெண்டே வார்த்தைதான் சொன்னேன்!" கர்டிஸின் கண் கலங்கிவிட்டது. வாலருகே வண்டியை நிறுத்திவிட்டு, அவர்களைக் கலைக்க மனமில்லாமல் மெல்ல நடந்து வந்தான்.

அவன் வருவதைக் கவனிக்காத டிக்கெட் கூண்டுப் பெண், நெடுஞ்சாலையைப் பார்த்தபடியே குரல் கொடுத்தாள்:

"அம்மா, சீக்கிரம் முழுங்கு, இன்னொரு வேன் வருது! இந்தத் தடவை வண்டியை விட்டு இறங்கமாட்டேன்னு நீ கத்து, அப்பா அழட்டும். அவருக்குத் தொண்டை கட்டிடுச்சு!"