கொள்ளி வைக்க வா

“அப்பா நம்மள விட்டுப் போயிட்டாருய்யா...” அதற்கு மேல் சீதாலெட்சுமிக்குப் பேச வரவில்லை. கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மறுமுனையில் முகுந்தன். தாய்லாந்தையும் தாண்டி, மியன்மார் எல்லையில் ஏதோ கம்பெனி நடத்தும் ஒரே மகன். மலேசியாவில் இருக்கும் வீட்டுப் பக்கம் தலைகாட்டி வருடக்கணக்காகிறது.

“எப்படிம்மா? போன வாரம்கூட நல்லாத்தானே பேசினாரு?”

“நெஞ்சு வலிக்குதுன்னாரு. அவ்வளவுதான்யா.”

பக்கத்தில் மாடி வீட்டு வள்ளியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். எதிரே சுகுமாறன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

“பாடிய எப்ப எடுக்கிறீங்க?”

“நீ வந்தாத்தான். கொள்ளி வைக்க உன்னை விட்டா யாருய்யா இருக்கா?”

“நான் அங்க வந்தா ப்ராப்ளம்மா. பார்டர்லயே புடிச்சிருவாங்க. சித்தப்பாவ வைக்கச் சொல்லேன்.”

“பெத்த மகன் உயிரோட இருக்கிறப்ப அடுத்தவன் கையாலயா? அந்த மனுசன் கட்டை வேகுமாய்யா?”

சமையலறையில் குக்கர் விசிலடித்தது.

“என்னம்மா அது? எழவு வீட்ல சமையலா?”

“பக்கத்து வீடுய்யா. கிள்ளான் ஃப்ளாட்டுல எந்தச் சத்தம்தான் கேக்காது?”

வள்ளியம்மா எழுந்து உள்ளே போனாள். சத்தம் நின்றது.

மறுமுனையில் முகுந்தன் உடைந்து அழுதான். சின்ன வயதில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்து அழுவானே, அதே அழுகை. பிள்ளை எப்படிப்பட்டவனாக இருந்தால் என்ன, அவன் அழுதால் பெற்றவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

“வரேம்மா. தாய்லாந்து வழியா ரோட்டுலயே வந்துர்றேன். நான் வர்ற வரைக்கும் அப்பாவ எடுத்துறாதீங்க.”

இணைப்பு அறுந்தது. சுகுமாறன் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினார்.

“தாய்லாந்து போலீசுக்கு இப்பவே சொல்லிடுறேன் ஆன்டி. மியன்மார் பார்டரைத் தாண்டி இந்தப் பக்கம் கால வெச்சதும் புடிச்சிருவாங்க. அவன் அங்கயே இருந்தா எங்க யாராலயும் தொட முடியாது.” இன்ஸ்பெக்டர் சுகுமாறன் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

வள்ளியம்மா சீதாலெட்சுமியின் கையைப் பற்றிக்கொண்டாள். “வேலை வாங்கித் தரேன்னு முகுந்தன் கூட்டிட்டுப் போன பிள்ளைங்க எல்லாம் அங்க அவன் கம்பெனியிலயே அடைஞ்சு கெடக்குதுங்களே. இவன் மாட்டினா என் மக தாமரை வந்துருவாளாக்கா?”

“வந்துருவா வள்ளி.” சொல்லிவிட்டு சீதாலெட்சுமி மறுபடியும் அழுதாள். இந்த முறை யாரும் அழச் சொல்லவில்லை.

அறைக் கதவு மெல்லத் திறந்தது. வேலாயுதம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, மனைவியின் முகத்தையே பார்த்தார்.

“நான் செத்துட்டேன்னதும் அழுதானா, சீதா?”