சலாம் சொல்லாத காலை

எங்கள் பல்கலைக்கழகத்தில் மொத்தமே இருநூறு பேர். வாசலிலிருந்து வகுப்புக்குப் போவதற்குள் இருபது பேர் நிறுத்தி, குடும்பத்தையே நலம் விசாரித்து, தேநீரும் ஊற்றிவிடுவார்கள். அதனாலேயே இரண்டு தேர்வுகளுக்குத் தாமதமாகிவிட்டது.

"இன்னொரு தடவை லேட்டா வந்தே, ஃபெயில்தான்!" என்றிருந்தார் பேராசிரியர் குஸாய்.

இன்று யாருக்கும் சலாம்கூடச் சொல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு ஓடினேன். அரை மணி முன்னதாகவே வந்துவிட்டேன். ஆனால் ஒன்பது மணியாகியும் தேர்வு அறையில் ஒருவரும் இல்லை.

நண்பன் லைத்துக்குப் போன் செய்தேன். "எங்கடா எல்லாரும்?"

"உன் ஹாஸ்டல் ரூம்லதான்! சலாம் சொல்லாம ஓடினியாமே? வயித்தக் கலக்கி நீ ரூமுக்குத்தான் ஓடுறேன்னு பதறிப்போய், வயித்துக்குக் கேக்குற மரமிய்யா இலைக் கஷாயத்தோட வந்துட்டோம். இரு, புரொபசர் பேசணுமாம்."

குஸாயின் குரல் இடித்தது.

"பரீட்சைய இங்கயே ஆரம்பிச்சாச்சு. நீ இன்னிக்கும் லேட்டு!"