மேவிஸின் முதுகு

“முதுகைக் காட்டி உட்கார்ந்துகிட்டு யாராவது வேலைக்கு ஆள் எடுப்பாங்களா?” என்றான் ஸ்டாவ்ரோஸ். டார்வின் நகரத்திலிருந்து வந்து ஒரு வாரமே ஆன ஹெலிகாப்டர் பைலட்.

“எங்க மேவிஸ் அக்கா எடுப்பாங்க. நீ ஓரமா நில்லு, தும்பிக்காரா,” என்றாள் காவல் படைக்காரி டெல்மா.

பூர்வகுடிகளின் காட்டுக்காவல் படைத் தலைவி மேவிஸ், பாறைமேல் ஓடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பின்னால், மேட்டில், ஜெரோம் எண்ணெய்ப் பந்தத்தோடு நின்றான். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் பெண்டாட்டி பிள்ளையோடு சொந்த மண்ணை விட்டு நகரத்துக்குப் போக வேண்டியதுதான்.

மழை நின்ற கையோடு புல்லைச் சிறு தீயாகக் கொளுத்திவிட்டால், பின்னால் காட்டையே விழுங்கும் பெருந்தீ வராது. அந்த வராத புகைக்கு, தாங்கள் விடும் புகைக்கு ஈடாக, தூரத்துத் தொழிற்சாலைகள் பணம் தருகின்றன. வராத புகைக்குக் காசா என்று ஸ்டாவ்ரோஸ் சிரித்தான். தன் சம்பளமும் அதில்தான் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான்.

“டெல்மா, பத்த வைக்கச் சொல்லு,” என்றாள் மேவிஸ். ஜெரோம் காதில் விழும் தூரத்தில்தான் நின்றான். இருந்தும் டெல்மாதான் சொன்னாள்.

தீ இறங்கியது. கணுக்கால் உயரம்தான். புல்லை மட்டும் மேய்ந்தது. மரங்களில் ஓர் இலை வாடவில்லை. வெட்டுக்கிளிகள் முன்னால் துள்ளி ஓட, பருந்துகள் மேலே விருந்துக்கு வட்டமிட்டன. பாறைக்கு வந்ததும் தீ இரண்டாகப் பிரிந்து, மேவிஸைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவள் காலைக்கூட மடக்கவில்லை. ஓடைக்கரை ஈரம் பட்டதும் தீ, தண்ணீர் குடித்த மாடு போலப் படுத்துவிட்டது.

ஸ்டாவ்ரோஸ் தொப்பியைக் கழற்றினான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை.

மேவிஸ் எழுந்தாள். ஜெரோமைத் திரும்பியும் பாராமல், இருந்த ஒரே ஜீப்பின் சாவியை டெல்மாவிடம் நீட்டினாள். பிறகு கருகிய புல்லின் மேல் ஊரைப் பார்த்து நடந்தாள்.

ஸ்டாவ்ரோஸுக்கு மனசு கேட்கவில்லை. “இப்படி ஒரு தீ வச்சும் பிடிக்கலையா? முகத்தைப் பார்த்து இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அப்படி என்ன பகை?”

“பகையா? அவன் கட்டினது மேவிஸ் அக்கா பெத்த பொண்ணை. எங்க சனத்துல மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. அதான் மரியாதை.” டெல்மா ஜீப்பின் கதவைத் திறந்து, ஏறச் சொல்லி ஜெரோமுக்குக் கைகாட்டினாள். “ஒரே வண்டியில உட்காரவும் கூடாது. இனிமே இவன் நம்ம படை ஆளாச்சே, அதான் அக்கா நடக்கிறாங்க.”