ஆறு மாத விதி

“யாருன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன் சார்!”

கைப்பையைக் கீழே வைப்பதற்குள் டாக்டர் ஆரம்பித்துவிட்டாள்.

சமையல் மேடையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த பேராசிரியர் நிமிர்ந்தார். மூளை ஆராய்ச்சியில் இருப்பவர்கள் எல்லோரும் ‘பெரியவர்’ என்று கூப்பிடும் மனிதர். மனைவிக்குப் பக்கவாதம் வந்து பேச்சுப் போனதிலிருந்து அடுப்படி அவர் தலையில்தான். 

“என்னம்மா ஆச்சு?”

“மருத்துவப் பத்திரிகைக்கு வந்த ஒரு கட்டுரையைப் போடலாமான்னு பார்த்துச் சொல்ல எனக்கு அனுப்பியிருந்தாங்க. எழுதின ஆள் பேரை மறைச்சுத்தானே அனுப்புவாங்க? வெளியில சொல்லக் கூடாது, ஆனா...”

“சொல்லக் கூடாதுன்னா சொல்லாதே.”

“உங்க ஆறு மாச விதியே தப்புங்கிறான் சார்!”

கத்தி நின்றது.

பக்கவாதத்தில் போன பேச்சு ஆறு மாதத்துக்குள் வராவிட்டால், அப்புறம் வரவே வராது. பெரியவர் இளவயதில் ஆராய்ந்து சொன்னது. பாடப் புத்தகத்தில் ஏறி, ஆஸ்பத்திரிகளில் சட்டமாகவே ஆகிவிட்டது. ஆறு மாதம் முடிந்தால் பேச்சுப் பயிற்சி கிடையாது.

பெரியவர் மனைவிக்கும் அவள்தான் வைத்தியம் பார்த்தாள். “இனிமே பிரயோஜனம் இல்ல சார்” என்று கெடு முடிந்ததும் பயிற்சியை நிறுத்தியதும் அவள்தான். பெரியவரும் தலையாட்டினார். அவர் சொன்ன விதிதானே! அதற்கப்புறம் இந்த வீட்டுக்கு வர அவளுக்கு முகமில்லாமல் போயிற்று. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்குத்தான் தைரியம் வந்தது.

“அப்படி என்னதான் எழுதியிருக்கு?”

“வீட்டுல விடாம பயிற்சி கொடுத்தா, ஒரு வருஷம் கழிச்சும் பேச்சு வருமாம். பத்துப் பேருக்கு வந்திருக்காம். அட்டவணை வேற!”

“அட்டவணையைப் பார்த்தியா?”

“எதுக்கு சார் பார்க்கணும்? நீங்க தப்பா சொல்வீங்களா?”

“ஏன், சொல்ல மாட்டேனா?”

“போங்க சார், விளையாடாதீங்க. உங்ககிட்ட, இந்த வீட்டுல அம்மா கையால சாப்பிட்டுப் படிச்சவ நான். நேத்து முளைச்சவன் உங்களைக் குறை சொன்னா பார்த்துக்கிட்டு இருப்பேனா? கிழி கிழின்னு கிழிச்சுத் திருப்பி அனுப்பிட்டேன். இனி அந்த ஆள் பேனாவையே தொட மாட்டான்!”

 பெரியவர் ஒரு பீன்ஸை எடுத்து நார் உரித்தார். அதில் நாரே இல்லை.

‘சந்தோஷப்படுவார்னு பார்த்தா, மனுஷன் பீன்ஸையே பார்த்துக்கிட்டு இருக்காரே!’ அவளுக்கு என்னவோ போலாயிற்று.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள் பெரியவரின் மனைவி. டாக்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உதடு துடித்தது.

“வா... வாம்மா. சாப்... சாப்பிட்டியா?”

டாக்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“சார்! அம்மா... அம்மா பேசறாங்க! எப்படி சார்?”

“நீ நிறுத்தச் சொன்னே, எனக்குத்தான் மனசு வரல. தினமும் பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தா சொல்லிக் கொடுத்தேன். இப்போ என்னைத் திட்டக்கூடச் செய்யறா.”

மனைவி சிரித்தாள். டாக்டருக்குக் கண்ணீர் பொங்கியது. அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“இதை எழுதுங்க சார்! இன்னைக்கே எழுதி அனுப்புங்க! எத்தனை பேரை நாங்க பாதியில வீட்டுக்கு அனுப்பிட்டோம்!”

பெரியவர் குனிந்த தலை நிமிராமல் சொன்னார்:

“அனுப்பினேன்மா. இவளோட சேர்த்துத்தான் பத்துப் பேர். நீதான் அட்டவணையைக்கூடப் பார்க்காமலே திருப்பி அனுப்பிட்டே.”