கைப்பிடி வந்த பிறகு

வால்பரைசோ நகரக் குன்றின் படிக்கட்டுத் தெருவில், முதியவர்கள் ஏறுவதற்கென்று நகராட்சி கைப்பிடி போட்டது. அன்றிலிருந்துதான் கிழவர் கசிமீரோ ஏறி வருவதில்லை. ஏறுவது சுலபமான பிறகு ஏன் நின்றுபோனார்? பாதிப் படியில் குடியிருந்த செல்மீராவுக்குப் பிடிபடவே இல்லை.

முன்பெல்லாம் தினமும், "முட்டி மக்கர் பண்ணுது" என்று பாதி வழியில், அவள் வாசலுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்காருவார். அவள் தேநீர் கொடுப்பாள். கைப்பிடிக்காக அந்தப் பெஞ்சைப் பெயர்த்துவிட்டார்கள்.

உட்கார இடமில்லாமல் முட்டி தாங்கவில்லை போலும். தினமும் தேநீர் ஆறிப்போனது. ஒருநாள் தைலத்தை எடுத்துக்கொண்டு அவளே கீழே அவர் வீட்டுக்கு இறங்கினாள்.

அங்கே கசிமீரோ கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார்.

"தோன் கசிமீரோ! முட்டி வலின்னீங்களே?"

அவர் காதுவரை சிவந்தார். "பெஞ்சு இருந்தவரைக்கும் வலிச்சுது."

"அப்புறம் ஏன் வரல?"

"முட்டி நல்லா இருக்கற ஆம்பள, தனியா இருக்கற உங்க வாசல்ல சும்மா வந்து நின்னா தெரு என்ன பேசும், தோன்யா செல்மீரா?"

"என்ன பேசும்? பொறாமைல பேசும்."

மறுநாள் செல்மீரா சமையலறை நாற்காலிகள் இரண்டைத் தூக்கி வந்து வாசலில் போட்டாள். கசிமீரோ கைப்பிடியைத் தொடாமலே ஏறி வந்தார்.