சீட்டில் உள்ளபடி

சந்தன மாலையைப் போட்டுவிட்டு, பெரிய டாக்டர் அரங்கசாமி மைக் இல்லாமலே முழங்கினார்.

“இருவது வருசமா நான் எழுதுனத எழுதுனபடி குடுத்தவருங்க நம்ம லட்சுமணசாமி. இன்னைல இருந்து இவருதானுங்க சீஃப் ஃபார்மசிஸ்ட்!”

ஒரே கைதட்டல். வராந்தா முழுக்க மைசூர்பா வாசம்.

இந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஈ காக்காகூட அவரை ஃபார்மசிஸ்ட் என்று கூப்பிட்டதில்லை. கம்பவுண்டர்தான். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட ‘கம்பவுண்டர் பொண்ணு’ என்றே பேசினார்கள். இன்றைக்குத் தனி அறை, கதவில் பெயர்ப் பலகை. மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்காதா பின்னே?

ஆனால் டாக்டர் சொன்னது சுத்தப் பொய். அது டாக்டருக்கே தெரியாது.

நாலைந்து வருடமாக டாக்டருக்கு ஞாபகம் தடுமாறுகிறது. பச்சைக் குழந்தைக்கும் இதய மாத்திரையை முழுசாக எழுதிவிடுவார். கால் மாத்திரைதான் தாங்கும்.

நாலு வருடத்துக்கு முன்னால் லட்சுமணசாமி ஒருமுறை போய்ச் சொன்னார். கம்பவுண்டர் கம்பவுண்டராக இருக்கணும் என்று டாக்டர் விரட்டிவிட்டார். அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வும் போயிற்று.

அப்புறம் அவர் வாயே திறக்கவில்லை. மாத்திரையைக் கால்வாசியாக உடைத்து, பொடித்து, பொட்டலம் மடித்துக் கொடுத்துவிடுவார். டாக்டர் சீட்டு சீட்டாகவே இருக்கும், பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும்.

இன்று காலை மருந்து கொடுக்கும் கவுண்டர், புதிதாக வந்த மோகனப்பிரியா கைக்குப் போனது. படிப்பில் தங்க மெடல் வாங்கின பெண். பொட்டல விஷயத்தைச் சொல்ல அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது.

இவள் நேரே போய் டாக்டரிடம் கேட்டுவிட்டால்? இத்தனை வருடம் காத்திருந்தது நாசமாய்ப் போகும். பதவி உயர்வு ஆர்டர் கைக்கு வரட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

ஆர்டர் இப்போது சட்டைப்பையில் இருந்தது. ஆளாளுக்கு வந்து கை குலுக்கினார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாவாத்தாள் வந்தாள். காரமடைக்காரி. நாலு மாதப் பிள்ளையோடு குழந்தைகள் வார்டில் இருக்கிறாள். பத்து நாளாக அவர் மடித்த பொட்டலத்தை வாங்கிப் போனவள். பிள்ளை அவள் தோளில் கிடந்தது. கை தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் முகமெல்லாம் சிரிப்பு.

“ஏனுங்க, இனிமேப் பொட்டலம் மடிக்க மாட்டீங்களாமா? புது அம்மணி முழு மாத்திரையா அட்டையோட குடுத்துபோட்டாங்க. தேன்ல கொழச்சுக் குடுத்தேனுங்க. நல்ல மருந்துங்க. ராவெல்லாம் அழுதவன், மத்தியானத்துல இருந்து கண்ணே தொறக்கலீங்க.”