நகவெட்டி ஆயுதமா?

"இது ஆயுதம். உள்ளே விட முடியாது!" என்று ஒரு நகவெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள் தேர்வுக்கூட வாசல் காவலாளி.

பிழைதிருத்திக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அகராதி அச்சகத்தில் முப்பது வருஷம் சொற்களோடு மல்லுக்கட்டிய மனுஷனிடம் போயும் போயும் இந்தச் சொல்லையா எடுத்து விடுவது!

அவர் தேர்வு எழுத வந்தவரே இல்லை. எழுத வேண்டிய மகள், வழியில் பஸ் படுத்துவிட்டதால் இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். வரிசையின் கடைசி ஆள் உள்ளே போனதும் கதவைச் சாத்திவிடுவார்கள். சாத்தினால் அடுத்த தேர்வு மூன்று வருஷம் கழித்துத்தான்.

அதனால் முன்னதாகவே வந்து காத்திருந்த அப்பா, கடைசி ஆளாகப் போய் நின்றுகொண்டார். பைச் சோதனை முடிந்தால் நுழைவுச்சீட்டைக் கேட்பார்கள். அவரிடம் ஏது? நல்லவேளை, இரண்டு முறை துழாவியும் ஒன்றும் அகப்படாத பையைக் காவலாளி மூன்றாம் முறை கவிழ்த்தபோது நகவெட்டி விழுந்தது.

"ஏம்மா, ஆயுதம்னா என்ன அர்த்தம்?"

"சண்டைக்கு எடுத்துட்டுப் போறது."

"பேஷ்! அது வடமொழிச் சொல்லு. யுத்-னு ஒரு வேர் இருக்கு, சண்டை போடறதுன்னு அர்த்தம். யுத்தமும் அது வயித்துல பொறந்ததுதான். இப்ப சொல்லு, நான் இதை வெச்சு யாரோட யுத்தம் பண்ண? என் கட்டைவிரலோடயா?"

அவள் எரிந்து விழுவாள் என்றுதான் எதிர்பார்த்தார். அவளோ முகவாயில் கை வைத்துக்கொண்டு, "அப்போ தமிழ்ல என்ன சார் சொல்வாங்க?" என்றாள்.

பிழைதிருத்திக்கு வாயெல்லாம் பல். "படைக்கலம்! வெறுமனே படைன்னு சொன்னாலும் ஆயுதம்தான். கூட்டமா வர்ற சேனைக்கும் அதே பேரு."

"அங்க என்னம்மா பேச்சு? கதவைச் சாத்து!" உள்ளேயிருந்து மேற்பார்வையாளர் கத்தினார்.

"ஆயுதச் சோதனை நடக்குது சார்!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு அவள் இவர் பக்கம் திரும்பினாள். "இந்தக் குடை?"

"மழைக்குப் பிடிச்சா கருவி. மண்டையில போட்டா ஆயுதம்."

"செருப்பு?"

"அது எதிர்ல நிக்கிற ஆளைப் பொறுத்தது."

"பள்ளிக்கூடத்துல மூணு புள்ளி வெச்சுப் படிச்சோமே, அது?"

"ஐயய்யோ, அது ஆய்தம்! வேற குடும்பம். ஆய்தல்னா நுணுக்கமாகறது. அதுல அடிதடியே கிடையாது."

சொல்லி முடித்தபோது அவருக்குச் சட்டை நனைந்துவிட்டது. கையிருப்பு தீர்ந்து, இனி எந்தச் சொல்லைப் பிடித்து இழுப்பது என்று தெரியாமல் விழித்தார்.

அப்போது தெருமுனையில் தலைவிரி கோலமாக மகள் தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு தொந்திக்காரர், செருப்பைக் கையில் பிடித்தபடி தஸ்ஸு புஸ்ஸென்று ஓடி வந்தார்.

"முதல்ல நீங்க போங்கம்மா, எங்க பஞ்சாயத்து இன்னும் முடியலை!" என்று பிழைதிருத்தி யாரோ போல விலகி வழிவிட்டார். இரண்டு பேரும் சீட்டைக் காட்டிவிட்டு உள்ளே பாய்ந்தார்கள். காவலாளி கதவை இழுத்துச் சாத்தினாள்.

பிழைதிருத்திக்கு நடுத்தெருவில் குதிக்கலாம் போல இருந்தது. வெறும் வாயாலேயே ஒரு கதவைத் தாங்கிப் பிடித்திருக்கிறார், சும்மாவா! ஆனாலும் அந்த அப்பாவிப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"மன்னிச்சுக்கம்மா, உன்னை நல்லா ஏமாத்திட்டேன். எனக்குப் பரீட்சையும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஓடி வந்தவ என் பொண்ணு. அவ வர்ற வரைக்கும் உன்னைப் பேச்சுல பிடிச்சு வெச்சேன்."

அவள் தொப்பியைக் கழற்றி முகத்துக்கு விசிறிக்கொண்டாள்.

"பொண்ணு பின்னாடியே ஓடி வந்தாரே சார், அவரு எங்க வீட்டுக்காரரு."